கேள்விக்குத்தான் கூப்பிடுகிறீர்கள்

வாசகர் கடிதம்:

நான் ஒரு சிறிய தன்னார்வ அமைப்பின் செயலாளர். எங்கள் பகுதி ஏரியின் நீரை ஒன்றரை ஆண்டுகளாகப் பரிசோதித்து ஓர் அறிக்கை தயாரித்திருக்கிறோம். அதை வெளியிட மூன்று வாரத்தில் செய்தியாளர் சந்திப்பு வைக்க வேண்டும். பொறுப்பு என் தலையில். போன வருடம் வேறொரு விஷயத்துக்காக ஒன்று நடத்தினோம். மேடையில் ஐந்து பேர், முக்கால் மணி நேரம் பேசினோம். வந்தவர்கள் நான்கே நிருபர்கள். மறுநாள் ஒரே ஒரு பத்திரிகையில் ஆறு வரி வந்தது, அதிலும் அமைப்பின் பெயர் தப்பு. இந்த முறை இன்னொரு பயமும் சேர்ந்திருக்கிறது. எங்களை விட்டு விலகிய ஒருவர், நன்கொடைக் கணக்கில் குளறுபடி என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அதைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? மைக்கைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பதில்:

அன்புள்ள செயலாளருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எத்தனை பேர் பேசினீர்கள், எவ்வளவு நேரம் பேசினீர்கள், எத்தனை வரி வந்தது, எல்லாம் இருக்கிறது. வந்த நான்கு பேரும் என்ன கேட்டார்கள் என்பது மட்டும் இல்லை. அநேகமாக எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். முக்கால் மணி நேரம் ஐந்து பேர் பேசி முடித்தபோது அவர்கள் கண் கடிகாரத்தில் இருந்திருக்கும். நானும் பல வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். அப்புறம்தான் மேஜைக்கு இந்தப் பக்கம் வந்தேன். ஒரு கேள்விகூடக் கேட்காமல் எழுந்துபோகிற நிருபர் ஆறு வரிக்கு மேல் எழுத மாட்டார். பிரஸ் நோட்டில் இருப்பதைச் சுருக்கிப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்.

செய்தியாளர் சந்திப்பு நீங்கள் பேசுவதற்கான மேடை இல்லை. 'வாருங்கள், எங்களைக் கேளுங்கள்' என்று நீங்களாகப் போய் அழைப்பது. பேச மட்டும்தான் ஆசை என்றால் ஒரு செய்திக்குறிப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் போதும், மண்டப வாடகை மிச்சம். உங்கள் விஷயம் அப்படிப்பட்டது இல்லை. ஏரி நீர் கெட்டிருக்கிறது என்றால் கேட்க ஆயிரம் இருக்கிறது. மீனைச் சாப்பிடலாமா, குழந்தைகள் இறங்கலாமா, யாரால் கெட்டது, எப்போதிலிருந்து? எனவே நடத்துங்கள்.

அதற்கு முன் ஒன்று. உங்கள் எண்களை வெளியாள் யாராவது பார்த்திருக்கிறாரா? 1989 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் இரண்டு வேதியியலாளர்கள் செய்தியாளர்களைக் கூட்டி, சூரியனுக்குச் சக்தி தருகிற அணுக்கரு இணைவைச் சாதாரண அறை வெப்பத்திலேயே நிகழ்த்திவிட்டதாக அறிவித்தார்கள். உலகமே பரபரத்தது. ஆனால் ஆய்வுக் கட்டுரை அப்போது இன்னும் வெளியாகியிருக்கவில்லை. மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை, சில மாதங்களிலேயே விஷயம் ஆட்டம் கண்டது. அவர்கள் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் நினைவுக்கு வருவது அந்தக் கூட்டம்தான். உங்களுடையது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. ஆனாலும் நீர் வேதியியல் தெரிந்த, உங்கள் அமைப்பில் இல்லாத ஒருவரிடம் அறிக்கையைக் கொடுத்து 'எங்கே ஓட்டை?' என்று கேளுங்கள். மாதிரி எடுத்த நாள், இடம், ஆழம், பரிசோதித்த கூடம், முறை, எல்லாம் பின்னிணைப்பில் இருக்கட்டும். அறிக்கை ஏதாவது ஒரு ஆலையையோ நிறுவனத்தையோ சுட்டுகிறது என்றால் அவர்களுக்கு முன்கூட்டியே எழுதி விளக்கம் கேளுங்கள், வார்த்தைகளை ஒரு வழக்கறிஞர் பார்க்கட்டும். நிருபர் எப்படியும் அன்று மாலையே அவர்களுக்கு போன் போடுவார். 'எங்களிடம் யாரும் கேட்கவே இல்லை' என்று அவர்கள் சொன்னால் செய்தியின் பாதி அங்கே போய்விடும்.

அடுத்து, ஒற்றை வாக்கியம். நிருபர் வெளியே வந்ததும் அவருடைய அலுவலகச் செய்தி டெஸ்க்கிலிருந்து போன் வரும். 'என்னப்பா விஷயம்?' என்று கேட்பார்கள். அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லியாக வேண்டும். அந்த வாக்கியத்தை நீங்கள் தயார் செய்து கொடுக்காவிட்டால் அவரே ஒன்று தயார் செய்வார், அது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். 'ஏரியின் சூழலியல் சமநிலை வெகுவாகப் பாதிக்கப்பட்டுள்ளது' என்பது யாருக்கும் எதுவும் சொல்லாத வாக்கியம். உங்கள் எண்கள் எனக்குத் தெரியாது, உதாரணத்துக்குச் சொல்கிறேன்: 'ஏழு இடங்களில் நீர் எடுத்தோம், ஐந்து இடங்களில் அது குளிக்கக்கூட ஆகாது.' இதைக் கேட்டவர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்வார். அப்படி ஒன்று கிடைக்கும்வரை எழுதி எழுதிக் கிழியுங்கள்.

பேசுபவர்கள் இரண்டு பேர் போதும். நீங்கள் ஐந்து நிமிடம், பரிசோதனையை நடத்தியவர் ஐந்து நிமிடம், மீதி முழுக்கக் கேள்விகளுக்கு. மற்ற மூவருக்கும் மனவருத்தம் வரும், தெரியும். அறிக்கையின் முதல் பக்கத்தில் அவர்கள் பெயரைப் போடுங்கள். முன்வரிசையில் உட்கார்ந்து, கேட்பவர்களுக்குத் தனித்தனியாகப் பேட்டி கொடுக்கட்டும். அது ஒன்றும் சின்ன வேலை இல்லை.

இனி உங்கள் மூன்று வாரத்தில் இரண்டு வாரத்தை எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று சொல்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் முப்பது கேள்விகள் எழுதுங்கள். அதில் பத்து, கேட்டாலே உங்களுக்கு வயிற்றைப் பிசைகிற கேள்விகளாக இருக்க வேண்டும். அப்புறம் வாய்த்துடுக்கான ஒரு நண்பரையோ உறவினரையோ உட்காரவைத்து, மேடையில் அமரப்போகும் இருவரையும் அவர் குடையட்டும். செல்போனில் பதிவு செய்து போட்டுப் பாருங்கள். முதல் தடவை சகிக்காது. யாருக்குமே சகிக்காது. மூன்றாவது தடவையில் பதில்கள் பாதியாகச் சுருங்கியிருக்கும்.

இந்த ஒத்திகையைச் செய்யாததால் என்ன ஆகும் என்பதற்கு நான் எப்போதும் சொல்கிற கதை 1989 நவம்பர் 9, கிழக்கு பெர்லின். கிழக்கு ஜெர்மனியின் ஆளும் கட்சியின் சார்பில் செய்தியாளர்களைச் சந்தித்தவர் குந்தர் ஷபோவ்ஸ்கி. வெளிநாட்டுப் பயணத்துக்கான புதிய விதிகள் அன்று பேசப்பட்டபோது அவர் அந்த அறையில் இல்லை. சந்திப்புக்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் கட்சித் தலைவர் எகோன் கிரென்ஸ் அவர் கையில் தாளைத் திணித்தார். ஒரு மணி நேரச் சந்திப்பு முடியப்போகும் தறுவாயில் ஓர் இத்தாலிய நிருபர் பயணச் சட்டத்தைப் பற்றிக் கேட்க, ஷபோவ்ஸ்கி அந்தத் தாளை எடுத்து வாசித்தார். 'எப்போதிலிருந்து அமல்?' என்று கேள்வி வந்தது. தாள்களைப் புரட்டினார், மூக்குக்கண்ணாடியைச் சரி செய்தார், 'எனக்குத் தெரிந்தவரை... உடனடியாக, தாமதமின்றி' என்றார். உண்மையில் அந்தச் செய்தி மறுநாள் அதிகாலை நான்கு மணிக்குத்தான் வெளியாக வேண்டும், பயணத்துக்கும் விண்ணப்பம், அனுமதி என்று வரிசை உண்டு. ஆனால் தொலைக்காட்சியில் எல்லாம் நேரலையில் போய்விட்டது. மக்கள் எல்லைச் சாவடிகளில் குவிந்தார்கள். நள்ளிரவுக்கு முன்பே காவலர்கள் வேறு வழியில்லாமல் கதவைத் திறந்தார்கள். பெர்லின் சுவர் அன்றிரவே பயனற்றுப் போனது. உலகத்துக்கு அது நல்ல செய்தி. ஆனால் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவரின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள்! மேஜைமேல் இருக்கும் எந்தத் தாளாக இருந்தாலும் முன்பே முழுசாகப் படித்திருக்க வேண்டும். 'எப்போதிலிருந்து? யாருக்கு? எவ்வளவு?' என்ற மூன்று கேள்விகளும் எந்தத் தாளுக்கும் வரும்.

பதில் தெரியாத கேள்வியும் வரும். அப்போது ஊகித்து ஓர் எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். 'அது என்னிடம் இப்போது இல்லை, மாலை நான்கு மணிக்குள் அனுப்புகிறேன்' என்று சொல்லி, கேட்டவர் பெயரை அவர் கண் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் மேயர் ரூடி ஜூலியானியிடம் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று கேட்டார்கள். அவர் எண் எதுவும் சொல்லவில்லை. நம்மில் யாராலும் தாங்கக்கூடியதைவிட அது அதிகமாக இருக்கும் என்றார். தெரியாது என்பதை இதைவிட மனிதத்தன்மையோடு சொல்லி நான் கேட்டதில்லை.

சரி, கணக்கு விவகாரம். உங்கள் கடிதத்தில் இந்தப் பகுதியில்தான் கையெழுத்து மாறியிருக்கிறது. அது கேட்கப்படாது என்று நம்பிக்கொண்டு போகாதீர்கள். கேட்கப்படும். அந்த மனிதரே நாலு நிருபர்களுக்கு போன் போட்டிருப்பார். முதலில் உங்களுக்குள்ளேயே ஒரு கேள்வி: கணக்கு உண்மையிலேயே சரியாக இருக்கிறதா? தணிக்கையாளர் பார்த்துக் கையெழுத்திட்ட அறிக்கை இருக்கிறதா? இருந்தால் பத்து நகல் எடுத்து மேஜைக்கடியில் வையுங்கள். கேள்வி வந்ததும் மூன்று வாக்கியம்: 'எல்லா நன்கொடைக்கும் ரசீது இருக்கிறது. வெளித் தணிக்கையாளரின் அறிக்கை இதோ, வேண்டியவர்கள் நகல் எடுத்துக்கொள்ளலாம். வரிவரியாகப் பார்க்க வேண்டும் என்றால் நாளை அலுவலகத்துக்கு வாருங்கள்.' அதோடு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

இந்தப் பதிலில் எந்த வார்த்தை இல்லை என்று கவனித்தீர்களா? 'கையாடல்' இல்லை, 'முறைகேடு' இல்லை, 'குளறுபடி'யும் இல்லை. கேள்வியில் இருக்கும் அழுக்கு வார்த்தையை மறுப்பதற்காகக்கூட உங்கள் வாயால் சொல்லக் கூடாது. 1973 நவம்பர் 17 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன், பத்திரிகை ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது 'நான் மோசடிக்காரன் இல்லை' என்றார். மறுப்புதான் அது. ஆனால் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது அந்த மோசடிக்காரன் என்ற சொல்தான், ஐம்பது வருடம் ஆகியும் உதிரவில்லை. 'நாங்கள் கையாடல் செய்யவில்லை' என்று நீங்கள் சொன்னால் தலைப்பில் உங்கள் அமைப்பின் பெயரும் கையாடலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். விலகிப்போனவரைப் பற்றியும் ஒரு சொல் வேண்டாம். அவர் ஏன் போனார், எப்படிப்பட்டவர் என்றெல்லாம் ஆரம்பித்தால் ஏரி பின்னால் போய்விடும், உங்கள் சண்டை முன்னால் வந்துவிடும்.

கணக்கில் நிஜமாகவே ஏதோ இடிக்கிறது என்றால் விஷயம் வேறு. அப்போது சந்திப்பைத் தள்ளி வையுங்கள், அல்லது அதை நீங்களே முதலில் சொல்லுங்கள்: எது தப்பாக நடந்தது, எப்படிச் சரிசெய்கிறோம். 2010 ஜூலை 16 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 4-ஐக் கையில் ஒருவிதமாகப் பிடித்தால் சிக்னல் குறைகிற கோளாறுக்காகவே செய்தியாளர்களைக் கூட்டியது. நாங்கள் குறையில்லாதவர்கள் அல்ல என்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஒப்புக்கொண்டார், வாங்கியவர்களுக்கு இலவச உறை தருவதாகச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மற்ற நிறுவனங்களின் போன்களிலும் இதே கோளாறு என்று படம் போட்டுக் காட்டப்போய், அவர்கள் எல்லாரும் வரிசையாகப் பதில் அறிக்கை விட்டார்கள். தப்பை ஒப்புக்கொள்ளும் நாளில் அடுத்தவரைக் கை காட்டினால், ஒப்புக்கொண்டதன் பலன் பாதி கரைந்துவிடும்.

இடம், நேரம் பற்றி எல்லாரும் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், நான் சுருக்கமாகவே சொல்கிறேன். வேலைநாளில் முற்பகல், பதினொரு மணிவாக்கில். நான்கு நாள் முன்பு அழைப்பு, முந்தின நாள் நினைவூட்டல், அன்று காலையில் போன். அழைப்பில் இடத்தின் முழு முகவரி. சிரிக்காதீர்கள், நான் மேலே புகழ்ந்த அதே ஜூலியானி 2020 நவம்பர் 7 அன்று பிலடெல்ஃபியாவில் 'ஃபோர் சீசன்ஸ்' என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் செய்தியாளர்களைச் சந்தித்தார். ஐந்து நட்சத்திர ஓட்டல் என்று எல்லாரும் நினைத்தார்கள். அது அந்தப் பெயர்கொண்ட தோட்டப் பராமரிப்புக் கம்பெனியின் வாகன நிறுத்தம். அன்று என்ன பேசினார் என்பது யாருக்கும் நினைவில்லை, இடம் மட்டும் நினைவிருக்கிறது.

பேசுபவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருக்கக் கூடாது, முகம் கறுத்துத் தெரியும். கேமராக்களுக்கு பிளக் பாயின்ட் வேண்டும். பேனரில் அமைப்பின் பெயர் உச்சியில் இருந்தால் ஃபிரேமுக்கு வெளியே போய்விடும், உட்கார்ந்திருப்பவர் தலைக்குச் சற்று மேலே வருகிற மாதிரி அச்சிடுங்கள். பெயர் தப்பாக வந்தது என்றீர்களே, அதற்கு மருந்து இது: செய்திக்குறிப்பை முத்திரை வைத்து ஸ்கேன் செய்து படமாக அனுப்பாதீர்கள். நிருபர் அதைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும், எழுத்து மாறும். மின்னஞ்சலின் உடலிலேயே எழுத்தாக அனுப்பினால் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வார். பெயர், பதவி, தொடர்பு எண் மூன்றும் முதல் ஐந்து வரிக்குள் இருக்கட்டும்.

மேஜைமேல் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். உங்களுக்கு இது ரொம்பவே முக்கியம். 2014 ஜனவரியில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு ரசாயனம் ஆற்றில் கசிந்து, சுமார் 3 லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைத் தொடக் கூடாது என்ற நிலை வந்தது. கசிவுக்குக் காரணமான கம்பெனியின் தலைவர் கேமராக்களுக்கு முன்னால் நின்று, பேச்சுக்கு நடுவே பாட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தார். அவர் சொன்ன மன்னிப்பைவிட அந்த பாட்டில்தான் பார்த்தவர்களைக் கொதிக்க வைத்தது. ஏரி மாசு பற்றிப் பேசும் உங்கள் மேஜையில் பிளாஸ்டிக் பாட்டில்கள் அணிவகுத்து நின்றால் கூர்மையான புகைப்படக்காரர் வேறெதையும் எடுக்க மாட்டார். கண்ணாடி டம்ளர் வையுங்கள். ஏரித் தண்ணீர் மாதிரிகளை இடப்பெயர் ஒட்டிய கண்ணாடிக் குப்பிகளில் வைத்தால் இன்னும் நல்லது. அவர்களுக்கு ஒரு படம் வேண்டும், அதை நீங்களே கொடுங்கள்.

நாக்கு ஒட்டுவதைப் பற்றி. பேச்சு முழுவதையும் மனப்பாடம் செய்யாதீர்கள், நடுவில் ஒரு சொல் நழுவினால் மொத்தமும் போய்விடும். முதல் இரண்டு வாக்கியம் மட்டும் தூக்கத்தில் எழுப்பினாலும் வர வேண்டும். அவற்றைச் சொல்லி முடிப்பதற்குள் படபடப்பு பாதி இறங்கிவிடும். அரை மணி முன்பே போய் அந்த நாற்காலியிலேயே உட்காருங்கள், முதலில் வரும் நிருபர்களிடம் சும்மா பேசிக்கொண்டிருங்கள். அப்புறம் மேஜையில் பத்து மைக் இருந்தாலும், நீங்கள் பேசுவது தெரிந்த முகத்திடம். கேள்வி வந்ததும் ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள், அந்த இரண்டு நொடி மௌனம் உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும். மைக் டெஸ்ட்டுக்கு 'ஒன்று, இரண்டு, மூன்று' போதும். 1984 ஆகஸ்ட் 11 அன்று அமெரிக்க அதிபர் ரீகன் வானொலி உரைக்கு முன் குரல் சரிபார்க்கும்போது, ரஷ்யா மேல் ஐந்து நிமிடத்தில் குண்டு போடப்போகிறோம் என்று வேடிக்கைக்குச் சொன்னது உலகம் முழுக்கப் பரவியது. இணைத்த மைக் எல்லாமே உயிரோடுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'நன்றி, வணக்கம்' சொன்னதும் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். எழுந்ததும் நாலு பேர் சூழ்ந்து 'ஒரு சின்ன பைட் குடுங்க' என்று கேமராவுக்கு ஓரிரு வாக்கியம் கேட்பார்கள். அதுவும் சந்திப்பின் பகுதிதான். அந்த ஒற்றை வாக்கியத்தையே அங்கேயும் சொல்லுங்கள், பதினைந்து நொடிக்கு அதற்கு மேல் தேவையில்லை. 'இதை எழுத வேண்டாம், உங்களுக்கு மட்டும்...' என்று எதையும் ஆரம்பிக்காதீர்கள். எழுதக் கூடாதது என்றால் சொல்லக் கூடாதது. அன்பளிப்புப் பை, கவர் எதுவும் வேண்டாம். கையில் அறிக்கை போதும்.

வந்தவர்கள் குறைவாக இருந்தாலும் குறித்த நேரத்தில் தொடங்குங்கள். நான் நிருபராக இருந்தபோது, ஒருமுறை கூட்டம் சேரட்டும் என்று எங்களை நாற்பது நிமிடம் காக்க வைத்தார்கள். நேரத்துக்கு வந்த மூன்று பேரும் எழுந்து போய்விட்டோம். முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் வராதவர்களுக்கும் குறிப்பு, அறிக்கை, இரண்டு நல்ல படங்கள் போய்ச் சேர வேண்டும். 'நான்கு மணிக்குள்' என்று வாக்குக் கொடுத்தது மூன்றே முக்காலுக்குப் போகட்டும். இந்த முறையும் ஏதாவது தப்பாக வந்தால் முதல் போன் எழுதிய நிருபருக்கு, ஆசிரியருக்கு அல்ல. கோபமில்லாமல் சரியானதைச் சொன்னால் இணையப் பதிப்பில் பெரும்பாலும் அன்றே திருத்துவார்கள்.

முப்பது கேள்வியில் முதலாவதை நானே எழுதித் தருகிறேன். வருகிறவர்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்டே தீருவார்: 'உங்கள் வீட்டில் எந்தத் தண்ணீர் புழங்குகிறீர்கள்?' மேடையில் உட்காரும் இருவரும் இதற்குப் பதில் வைத்திருங்கள். இரண்டு பதிலும் வேறு வேறாக இருந்தாலும் பரவாயில்லை, இரண்டும் உண்மையாக இருந்தால் சரி.